ஏழாவது நிபந்தனை

போன வாரம் செகரட்டரி அந்தத் தாளைப் படித்துக் காட்டியதிலிருந்து இரண்டு வீட்டிலும் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டிருந்தன.

மூன்றாவது மாடியில் அண்ணன் வீடு. நேர் மேலே, நான்காவதில் தம்பி வீடு. அண்ணன் அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பதினோரு வருஷமாக அவரை எதிர்த்து யாரும் நிற்காததால் வீட்டுக்குள்ளும் அவர் பெயர் செகரட்டரி. தம்பி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், வீட்டில் எந்தப் பேச்சு கொஞ்சம் வேகமெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார்.

பிரச்சினை அவர்களால் வந்தது அல்ல, அவர்களைக் கட்டிக்கொண்டவர்களால் வந்தது. ஓரகத்திகள் இரண்டு பேரும் புருஷன்மாரை வீட்டில் விட்டுவிட்டு, பத்து நாள், பனி கொட்டுகிற ஒரு நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போவதாக முடிவெடுத்திருந்தார்கள். லீவு வாங்கியாயிற்று. விமான டிக்கெட் போட்டாயிற்று. விசா ஒன்றுதான் பாக்கி.

அந்த விசாவுக்குத் தேவையானவை என்று டிராவல்ஸ்காரர் அனுப்பிய பட்டியலைத்தான் செகரட்டரி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சபையில் வாசித்தார். ஒன்பது நிபந்தனைகள். ஏழாவதில் நிறுத்தினார். கணவர் உடன் வராவிட்டால் மனைவி அவரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி இணைக்க வேண்டுமாம்.

"ரூல் நான் போட்டதில்ல. அந்த நாட்டுக்காரன் போட்டது. நான் கையெழுத்துப் போடறதா இல்ல" என்றார்.

தம்பி பிரேக்கை மிதித்தார். "அண்ணன் போட்டா நானும் போடறேன்."

அதோடு சபை கலைந்தது.

இன்று மதியம் மூன்றே முக்காலுக்கு விசா மையத்தில் இருவருக்கும் நேரம் குறித்திருந்தது. தவறவிட்டால் அடுத்த நேரம் இருபத்தாறு நாள் கழித்து. விமானமோ இருபத்து நான்காம் நாள் கிளம்பிவிடும்.

காலையில் லிஃப்டில் பெரியவள் சின்னவள் கையில் ஒரு மடித்த தாளைத் திணித்தாள்.

"இந்தா புள்ளி, அந்தப் பட்டியல். இதைக் கிழிச்சுப் போட்டுட்டு, இன்னைக்கு வரலேன்னு போன் பண்ணிச் சொல்லிடு."

"நீங்களே கிழிக்கலாமே அக்கா?"

"கை வரல."

பெரியவள் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்களை 'அசையாதீங்க' என்று சொல்லி வருபவள். இன்றைக்கு லிஃப்ட் தரைத்தளம் வரும்வரை அவளே அசையாமல் நின்றாள்.

சின்னவளுக்கு 'புள்ளி' என்று பெயர் வந்ததற்கு அவள் வேலைதான் காரணம். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் இருக்குமே, யாரும் படிக்காத காகிதம், அதை வரிவரியாகப் படித்துப் பிழை திருத்துவது அவள் வேலை. அச்சகத்தில் அதை இரண்டு பேராக உட்கார்ந்து செய்வார்கள். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சடித்ததைச் சரிபார்ப்பார். கமாவையும் புள்ளியையும்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "நாளைக்கு நான் சமைக்கல, புள்ளி" என்று அவள் சொன்னால், அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இன்று அவள் வாயிலிருந்து ஒரு புள்ளியும் வரவில்லை. எதிர் மேஜைக்காரர் இருமல் மருந்துக் காகிதத்தை வாசித்துக்கொண்டே போனார்.

"இரண்டு வேளை கமா உணவுக்குப் பின் புள்ளி. ஓட்டுநர்கள் தவிர்க்கவும் புள்ளி. ஏம்மா, கேக்கறீங்களா?"

"ம்."

"ஓட்டுநர்கள் தவிர்க்கவும்னேன். அங்க 'தவிக்கவும்'னு இருக்கு. நீங்க டிக் அடிச்சிருக்கீங்க."

புள்ளி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு பிழையைத் தவறவிட்டது இதுதான் முதல் தடவை.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் பையிலிருந்த தாளை எடுத்தாள். கிழிப்பதற்காகத்தான் எடுத்தாள். ஆனால் ஒரு தாள் கைக்கு வந்தால் அதைப் படிக்காமல் இருக்க அவளால் முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கினாள். ஏழாவதில் அவள் கை தானாகப் பேனாவைத் திறந்து, ஓர் எழுத்தைச் சுழித்து, ஓரத்தில் சரியான எழுத்தை எழுதியது.

'ஒப்புதள் கடிதம்.' ள் இல்லை, ல்.

எழுதிய பிறகுதான் மனசு கையை எட்டிப் பிடித்தது.

இந்த 'ஒப்புதள்' அவளுக்குத் தெரிந்த 'ஒப்புதள்'. லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸில் தினம் இரண்டு தடவை பார்க்கிறாள். 'செயலாளரின் ஒப்புதள் இன்றி லிஃப்டில் சாமான் ஏற்றக் கூடாது.' ஒரு தடவை அதன் மேல் சிவப்புப் பேனாவால் ல் போட்டதற்கு, ஒரு மாதம் செகரட்டரி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு மாடிப்படியில், தண்ணீர்த் தொட்டியருகில், மொட்டை மாடிக் கதவில் என்று ஒட்டிய நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் அவர் வீம்புக்காகவே ள் போட்டு வந்தார்.

அதே ள் ஒரு வெளிநாட்டு விசா பட்டியலுக்குள் எப்படிப் புகுந்தது?

"சார், ஒரு உதவி" என்றாள் எதிர் மேஜைக்காரரிடம். "மூலம் வாசிங்க."

செல்போனில் விசா மையத்தின் சொந்தப் பக்கத்தைத் தேடி, நாட்டைத் தேர்ந்து, 'சுற்றுலா' என்பதை அழுத்தி, தமிழில் இருந்த பட்டியலை அவர் முன் வைத்தாள். தாளைத் தன் முன் வைத்துக்கொண்டாள்.

அவர் சோற்றுக் கையோடு வாசித்தார். "ஒன்று புள்ளி. பாஸ்போர்ட் கமா திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் புள்ளி."

"சரி."

"இரண்டு புள்ளி. காலிப் பக்கங்கள் இரண்டு புள்ளி."

"சரி."

ஆறு வரைக்கும் சரி வந்தது.

"ஏழு புள்ளி. தங்கும் விடுதியின் முன்பதிவுச் சீட்டு புள்ளி."

"நில்லுங்க. ஏழு அது இல்ல."

"இங்க அதுதாம்மா ஏழு."

"என்கிட்ட அது எட்டு. மேல போங்க."

"எட்டு புள்ளி. பயணக் காப்பீடு புள்ளி. அவ்வளவுதான், முடிஞ்சுது."

"என்கிட்ட ஒன்பது."

அவர் கழுத்தை நீட்டித் தாளைப் பார்த்தார். "நடுவுல யாரோ ஒரு வரி செருகியிருக்காங்க. எழுத்துகூட வேற சைஸு. யாரும்மா டைப் பண்ணினது?"

புள்ளி தாளை மடித்துப் பையில் வைத்தாள். அவளுக்குச் செகரட்டரி மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிது. மூலத்தோடு ஒப்பிடாமல் எதையும் நம்பாதே என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பவள் அவள். வீட்டில் ஒருவர் உரக்கப் படித்தார் என்பதற்காக ஒரு வாரம் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறாள்!

இருந்தாலும் ஒரு தடவை வாய் வார்த்தையாகக் கேட்டுவிட வேண்டும். அந்தப் பக்கத்திலேயே இருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இளம் பெண் குரல்.

"புருஷன்கிட்ட ஒப்புதல் கடிதம் வாங்கணுமா?"

"பதினெட்டு வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்ககிட்ட வாங்கணும் மேடம். உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

"அப்ப உங்களுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டா போதும் மேடம்."

புள்ளி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். எதிர் மேஜைக்காரர் பின்னாலிருந்து, "பேனாவை மறந்துட்டீங்க" என்று கத்தினார். திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள்.

ஸ்கேன் சென்டரில் பெரியவள் ஈயக் கவசத்தோடு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"மூச்சை நல்லா இழுங்க. புடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க." திரும்பியவள் புள்ளியைப் பார்த்தாள். "என்னடி, சொல்லிட்டியா வரலேன்னு?"

"இல்ல. இதைப் பாருங்க."

சிவப்புச் சுழியைப் பெரியவள் பார்த்தாள். அதிர்ச்சியை எதிர்பார்த்திருந்த புள்ளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எலும்பு முறிவுப் படத்தைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, இந்த வரி அத்தான் செருகினது."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒத்தை விரலால ஒரு மணி நேரம் தட்டிக்கிட்டிருந்தார். டீ கொண்டு போய் வச்சேன். ஸ்கிரீனைக் கையால மறைச்சார். பரீட்சையில பக்கத்துப் பையனுக்குக் காட்டாம எழுதுவாங்களே, அந்த மாதிரி." பெரியவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "மறுநாள் படிச்சுக் காட்டினப்ப புரிஞ்சு போச்சு."

"ஒரு வாரமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா? என்கிட்டகூடச் சொல்லாம!"

"சொல்லி? எனக்காக அந்த மனுஷன் இத்தனை வருஷத்துல இவ்வளவு மெனக்கெட்டதே இல்லடி. போகாதேன்னு நேரா சொல்ல வாய் வரல, அதுக்கு ஒரு ரூல் கண்டுபிடிச்சிருக்கார். பாவமா இருந்துச்சு."

"பாவம்தான். அதுக்காக நாம வீட்டுல உக்காரணுமா? நாளைக்குக் கோயிலுக்குப் போகணும்னாலும் பத்தாவது நிபந்தனைன்னு ஒண்ணு டைப் பண்ணுவார். அதுக்கும் பாவப்படுவீங்களா?"

உள்ளேயிருந்து நோயாளியின் குரல் வந்தது. "அம்மா, நான் இப்ப அசையலாமா?"

பெரியவள் கவசத்தின் பட்டையைப் பின்னால் கைவிட்டு அவிழ்த்தாள். ஏழு கிலோ ஈயம் ஆணியில் தொங்கியது.

"அசையலாம்ங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அடுத்த டெக்னீஷியனைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்தாள். "வாடி. மத்த காகிதமெல்லாம் என் பையிலயே இருக்கு, பாஸ்போர்ட் மட்டும் சங்க ஆபீஸ் பீரோவுல இருக்கு. பத்திரமா இருக்கட்டும்னு அவர்தான் வாங்கி வச்சார்."

"எப்ப?"

"பட்டியலைப் படிச்ச அன்னைக்கே."

சங்க அலுவலகம் என்பது கட்டடத்தின் தரைத்தளத்தில் மின்மீட்டர்களுக்குப் பக்கத்து அறை. ஒரு மேஜை, ஓர் இரும்பு பீரோ, கம்ப்யூட்டர், சுவர் முழுக்க நோட்டீஸ். செகரட்டரி, வண்டி நிறுத்தத் தகராறோடு வந்திருந்த கீழ்வீட்டுக்காரருக்கு விதி எண் பதினான்கை விளக்கிக்கொண்டிருந்தார். மனைவியைப் பகல் இரண்டேகால் மணிக்கு அங்கே பார்த்ததும் விதி அறுந்து விழுந்தது.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. பீரோ சாவியைக் கொடுங்க."

"எதுக்கு?"

"பாஸ்போர்ட் எடுக்க."

"ஏழாவது நிபந்தனைதான் தெளிவா..."

"அதை இவ திருத்திட்டா. பாருங்க."

தாள் மேஜையில் விழுந்தது. சிவப்புச் சுழியை அவர் பார்த்தார். காது நுனி சிவந்தது.

"இது டிராவல்ஸ்காரன் தப்பா அடிச்சிருப்பான்."

"லிஃப்டுல இருக்கிறதும் அவன் வந்து ஒட்டினதா அத்தான்?" என்றாள் புள்ளி.

கிளம்புவதற்காக எழுந்த கீழ்வீட்டுக்காரர் கதவுவரை போய், செருப்பு மாட்டுவதற்கு மிக அதிகமான நேரம் எடுத்துக்கொண்டார்.

"விசா மையத்துலயே கேட்டுட்டோம். எட்டுதான். நாங்க ரெண்டு பேரும் பதினெட்டு வயசைத் தாண்டிட்டோமாம்" என்றாள் புள்ளி.

செகரட்டரி சட்டென்று வேறு பாதை பிடித்தார். இழுப்பறையைத் திறந்து சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தார். முத்திரையின் மூடியைக் கழற்றினார். "சரி, இப்ப என்ன? கடிதம்தானே? நானே எழுதித் தர்றேன். சங்க முத்திரையோட. கையில இருந்தா நல்லதுதானே? போய்ட்டு வாங்க, நான் வேண்டாம்னா சொன்னேன்?"

பேனா தாளைத் தொடுவதற்குள் பெரியவள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்."

"ஏன்? சும்மா ஒரு ஒப்புதல்தானே." வாயால் சொல்லும்போது ல் சரியாகவே வந்தது.

"கேக்காத காகிதத்தை எந்தக் கவுண்டர்லயும் வாங்க மாட்டாங்க. நானும் கொண்டு போக மாட்டேன்."

செகரட்டரி முத்திரையின் மூடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். கடைசியில் தாழ்ந்த குரலில், "பத்து நாள் நான் என்ன பண்றது?" என்றார்.

பெரியவளின் முகம் ஒரு கணம் இளகியதைப் புள்ளி பார்த்தாள். இத்தோடு முடிந்தது, அக்கா பையைக் கீழே வைத்துவிடப் போகிறாள் என்று பயந்தாள்.

"இதை முதல் நாளே இப்படிக் கேட்டிருக்கணும், நம்பர் போடாம" என்றாள் பெரியவள்.

"கேட்டிருந்தா போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன். பத்து நாள் நீங்க என்ன பண்ணலாம்னு உக்காந்து யோசிச்சுச் சொல்லிட்டுப் போயிருப்பேன். இப்ப நீங்களே யோசிங்க. சாவி."

சாவி வந்தது. பீரோ திறந்தது. சந்தாப் புத்தகங்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட் இருந்தது.

கதவைத் தாண்டப் போனவர்களைச் செகரட்டரியின் குரல் பின்னாலிருந்து பிடித்தது. தோற்றவர் கையில் கடைசியாக எது அகப்படுமோ அதை எடுத்து எறிகிற குரல்.

"எல்லாப் பழியும் என் தலையிலயா? ஏம்மா, புள்ளி! டிராவல்ஸ்ல இருந்து அந்தப் பட்டியல் யாருக்கு வந்துச்சுன்னு கேட்டியா? உன் புருஷன் போனுக்கு. அவன்கிட்ட வண்டி கத்துக்கிட்டவன்தானே டிராவல்ஸ்காரன். எட்டு வரியையும் அவன் முதல்ல படிச்சுட்டுத்தான் எனக்கு அனுப்பினான்."

புள்ளியின் கை கதவிலேயே நின்றது.

ஒரு வாரம். ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே விளக்கை அணைத்து, "அண்ணன் போட்டா நானும் போடறேன்" என்று சொன்ன மனிதர். எட்டுதான் என்று தெரிந்தே அந்த ஒன்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"அவர் சொன்னாரா, ஒரு வரி சேருங்கன்னு?" என்றாள் திரும்பாமல்.

"சொல்லல. சேர்த்துட்டேன்னு நான் சொன்னேன். வேண்டாம்னும் சொல்லல."

கீழ்வீட்டுக்காரர் செருப்பை மாட்டி முடித்து, நாகரிகமாக இடத்தைக் காலி செய்தார்.

பெரியவள் புள்ளியின் முழங்கையைப் பிடித்தாள். "வீட்டுக்குப் போறியா? போய்க் கேட்டுட்டு வர்றியா? நான் காத்திருக்கேன்."

"மணி என்ன அக்கா?"

"ரெண்டரை."

"மூணே முக்காலுக்கு அங்க இருக்கணும். அவரை ராத்திரியும் கேக்கலாம். அவர் எங்கயும் போகப் போறதில்ல. போறது நாமதான்."

விசா மையத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். தலைக்கு மேல் டோக்கன் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. பெரியவள் தன் கோப்பைத் திறந்து, எட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பாஸ்போர்ட், புகைப்படம், லீவுக் கடிதம், விடுதிச் சீட்டு. புள்ளி, காலையிலேயே பையில் எடுத்து வந்திருந்த தன் கோப்பைத் திறக்கவே இல்லை. அவள் மடியில் செல்போன் அதிர்ந்தது. அவர்தான். அண்ணன் அதற்குள் சொல்லியிருப்பார்.

நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"எடேன்டி. என்னதான் சொல்றார்னு பாரு."

"மெதுவா, மெதுவாம்பார். ஒரு வாரம் பேசாதவர் இன்னும் அரை மணி பேசாம இருக்கட்டும்."

பெரியவளின் எண் முதலில் வந்தது. ஆறு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். "கைரேகை எடுத்துட்டாங்க. என்ன சொன்னா தெரியுமா அந்தப் பொண்ணு? 'அசையாம வைங்க மேடம்'னா! என்கிட்டயே!" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அதைச் சிரிப்பு என்று கணக்கில் வைத்துக்கொண்டார்கள் இருவரும்.

புள்ளியின் எண் வந்தது.

கவுண்டரில் இருந்த பெண் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி முத்திரை குத்தினாள். எட்டுக்கு எட்டு. ஒன்பதாவதை அவள் கேட்கவில்லை. கைரேகைக் கண்ணாடியில் புள்ளி விரல்களை வைத்தாள். பச்சை வெளிச்சம் ஓடியது. சிவப்பு மை படிந்த ஆள்காட்டி விரலை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள் அந்தப் பெண்.

"ஒரே ஒரு விவரம் சரிபார்க்கணும் மேடம். அவசரத் தொடர்புக்கு உங்க வீட்டுக்காரர் நம்பர் கொடுத்திருக்கீங்க. அங்க ஏதாவது ஒண்ணுன்னா இவரைத்தான் கூப்பிடுவோம். இதுவே இருக்கட்டுமா, மாத்தணுமா?"

மடியில் அதே எண் மூன்றாவது முறையாக அதிர்ந்துகொண்டிருந்தது.

புள்ளி யோசித்தாள். அந்த எண்ணை அடித்துவிட்டு எழுத அவளுக்கு வேறு எண் இல்லாமல் இல்லை. அடிக்க மனசு வரவில்லையா, அடித்தால் அவருக்குச் சௌகரியமாகப் போய்விடும் என்று தோன்றியதா, அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் முதலில் எதைக் கேட்பது என்பதும் தெரியவில்லை.

"இருக்கட்டும்" என்றாள். "ஆனா அவர்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம். சொன்னா போதும்."